இங்கிலாந்தில் ஒரு செமஸ்டர்: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

ஒரு செமஸ்டரை மட்டும் இங்கிலாந்தில் படித்துவிட்டு, மீதிப் பட்டத்தை ஊரிலேயே முடிக்கும் வாய்ப்பு இப்போது தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் இருக்கிறது. முழுப் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கான குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர்களுக்கு அவை பாதிதான் பொருந்தும். வங்கிக் கணக்கு, மருத்துவம், வாடகை ஒப்பந்தம், தேர்வு என எல்லாவற்றிலும் இவர்களுக்கு விதி வேறு. அங்கே வகுப்பு நடப்பது பத்து முதல் பன்னிரண்டு வாரம். அதற்குள் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, நாலு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, சரிசெய்து முடிப்பதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். அதனால் பெரும்பாலான வேலையைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும்போதே முடிக்க வேண்டும். அதில் முதலாவது விசா அல்ல, கிரெடிட்.

கிரெடிட் கணக்கு

இங்கிலாந்தில் ஒரு கல்வியாண்டுக்கு 120 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 60. பாடங்களை மாட்யூல் என்பார்கள். ஒரு மாட்யூல் 10, 15 அல்லது 20 கிரெடிட் இருக்கும். ஆக ஒரு செமஸ்டருக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பாடம்தான். ஊரில் ஏழெட்டுப் பாடம் எடுத்துப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தெரியும். உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கும் அப்படியே தெரியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரில் வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் என்று எண்ணும் பழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 10 கிரெடிட் என்றால் 100 மணி நேர மொத்த உழைப்பு. வகுப்பு, நூலகம், கட்டுரை, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து. கலைப் பாடங்களில் வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே வகுப்பு இருக்கலாம். அந்த வகுப்பு நேரத்தை மட்டும் எடுத்து எண்ணினால், நீங்கள் முழுச் சுமையுடன் படித்த 60 கிரெடிட்டும் இங்கே பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். மீதியை ஈடுகட்ட அடுத்த செமஸ்டரில் கூடுதல் பாடம் எழுத வேண்டிய நிலை வரும்.

இதற்குப் பதில் கையிலேயே இருக்கிறது. 2023இல் வந்த நம் நாட்டின் தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஓர் ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலை 40 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. அதாவது 30 மணி நேரத்துக்கு ஒன்று, செமஸ்டருக்கு 600 மணி நேரம், 20 கிரெடிட். இங்கிலாந்தின் 60 கிரெடிட்டும் 600 மணி நேரம்தான். எனவே மூன்றுக்கு ஒன்று என்பது நியாயமான விகிதம். துறைத் தலைவரைப் பார்க்கப் போகும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பிய முறையில் மாற்றித் தரச் சொன்னால், இரண்டு இங்கிலாந்து கிரெடிட்டுக்கு ஓர் ஈ.சி.டி.எஸ். கிரெடிட்.

அடுத்தது மதிப்பெண். இதுதான் அதிகம் காயப்படுத்தும் இடம். அங்கே 40 தேர்ச்சி. 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, 60 முதல் 69 வரை மேற்பிரிவு, 70க்கு மேல் முதல் வகுப்பு. கட்டுரைப் பாடங்களில் 80ஐத் தாண்டுவது அபூர்வம். 68 வாங்கியவர் அந்த வகுப்பில் நல்ல மாணவர். அந்த 68ஐ அப்படியே நம் பத்துப் புள்ளி முறைக்குள் போட்டால் சாதாரண கிரேடாகிவிடும், சி.ஜி.பி.ஏ. இறங்கும். வேலைக்கு வரும் நிறுவனங்கள் 7.5, 8 என்று வெட்டுக்கோடு போடும்போது இந்த ஒரு செமஸ்டர் உங்களை வெளியே தள்ளிவிடலாம். மாற்று அட்டவணை எது என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சில கல்லூரிகள் மதிப்பெண்ணை மாற்றாமல் கிரெடிட்டை மட்டும் ஏற்று, சி.ஜி.பி.ஏ. கணக்கிலிருந்து அந்த செமஸ்டரை விலக்கிவிடும். உங்கள் கல்லூரி இரண்டு வழியையும் தருமானால், எனக்கு இரண்டாவதே பாதுகாப்பாகத் தெரிகிறது.

வாய்மொழி உறுதி போதாது. துறைத் தலைவர் மாறுவார், டீன் ஓய்வு பெறுவார். மாட்யூலின் பெயர், குறியீடு, கிரெடிட், அது ஊரில் எந்தப் பாடத்துக்கு ஈடு, மதிப்பெண் மாற்று முறை, தோற்றால் என்ன என்ற ஆறும் கற்றல் ஒப்பந்தத்தில், அதாவது அங்கே படிப்பதை இங்கே ஏற்பதாக எழுதித் தரும் தாளில், இருக்க வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தும் வேண்டும். தோற்பதைப் பற்றி முன்கூட்டியே பேச யாருக்கும் பிடிக்காது; ஆனாலும் கேளுங்கள். அங்கே மறுதேர்வு பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கும். அப்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள். அது இங்கே அரியராகுமா, தொலைவிலிருந்தே எழுதலாமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

ஒன்றிரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்குங்கள். போன பிறகு நேர அட்டவணை மோதி, ஒரு மாட்யூலை விட வேண்டி வருவது சர்வ சாதாரணம். மாற்றிக்கொள்ளும் அவகாசம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரம்தான்.

எந்த செமஸ்டர்?

இலையுதிர்கால செமஸ்டர் செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் வகுப்பு முடியும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் தேர்வு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு ஜனவரியில். அதற்காகக் காத்திருந்தால் விடுதி வாடகையும் கூடும், ஊரில் அடுத்த செமஸ்டரின் தொடக்க வாரங்களும் போகும். ஒரு செமஸ்டர் மாணவர்களுக்கு ஜனவரித் தேர்வுக்குப் பதிலாக டிசம்பருக்குள் கட்டுரை வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, எல்லா மாட்யூலுக்கும் கிடையாது. பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கேளுங்கள். ஆண்டு முழுக்க நடக்கும் மாட்யூல்களைத் தவிர்க்கவும். பாதியில் கிளம்புபவருக்கு அவை மதிப்பெண் தராமல் போகலாம்.

வசந்தகால செமஸ்டர் ஜனவரி கடைசியில் தொடங்கி, நடுவில் மூன்று நான்கு வார ஈஸ்டர் விடுமுறை விட்டு, மே, ஜூன் தேர்வுகளோடு முடியும். நம் இரட்டைப்படை செமஸ்டரோடு இது நன்றாகப் பொருந்தும். நாளும் நீளும், வெளிச்சமும் கூடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வசந்தமே மேல். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கணக்கே வேறு. அங்கே எட்டு வாரப் பருவங்கள், ஆண்டுக்கு மூன்று.

பாடத்தின் நிலையையும் பாருங்கள். நிலை 4 முதலாண்டு, 5 இரண்டாமாண்டு, 6 மூன்றாமாண்டு. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் மூன்றே ஆண்டு என்பதால், நிலை 6 பாடங்கள் நம் நான்காண்டுப் பொறியியலின் கடைசி ஆண்டுக்கு இணையான கனம் கொண்டவை. மூன்றாமாண்டு பி.இ. மாணவருக்கு நிலை 5இல் இரண்டு, 6இல் ஒன்று என்ற கலவை நன்றாக அமையும்.

விசா

ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்புக்கு இரண்டு வழி. ஒன்று ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா. பல்கலைக்கழகத்தின் ஏற்புக் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்கள் கல்லூரியின் கடிதம் ஆகியவை முக்கியம். கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 127 பவுண்டு. இதில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் கூடாது. இங்கிலாந்துக்குள் இருந்துகொண்டே இதை மாணவர் விசாவாக மாற்றவும் முடியாது.

மற்றொன்று ஸ்டூடண்ட் விசா. பல்கலைக்கழகம் சி.ஏ.எஸ். எனும் உறுதி எண் தந்தால்தான் விண்ணப்பிக்கலாம். ஒரு செமஸ்டருக்கு அதைத் தருவதா என்பது அவர்கள் முடிவு. கட்டணம் அதே நிலவரப்படி 524 பவுண்டு. பட்டப்படிப்பு நிலையில் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பணம் காட்டுவதில் கறாரான விதி உண்டு. 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதத்துக்கு 1,529 பவுண்டு, வெளியே 1,171. ஐந்து மாதத்துக்கு லண்டனுக்கு வெளியே என்றால் 5,855. இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும். பணம் இருக்கும் கணக்கிலிருந்து இ.எம்.ஐ. தானாகப் போகிறதா என்று பாருங்கள். இந்த விதியில் சறுக்குவது பெரும்பாலும் அப்படித்தான். பவுண்டு மதிப்பு ஏறினாலும் தாங்கும்படி பத்துச் சதவீதம் கூடுதலாகப் போட்டுவையுங்கள். அப்பா அல்லது அம்மா கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் சம்மதக் கடிதமும் வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல், பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும் என்று மூன்று விதமாக இருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். சி.ஏ.எஸ்., விமானச் சீட்டு, காப்பீடு எல்லாம் அதையே பின்பற்றட்டும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வந்து மதிப்பெண்ணைச் சேர்க்கும்போதும் உதவும்.

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆசை இருந்தால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை ஊரிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்து விசா அங்கே செல்லாது. குறுகியகால விசாவில் இருப்பவர்களை இங்கிலாந்தில் உள்ள தூதரகங்கள் பலவும் ஏற்பதில்லை.

உடம்பு

ஓராண்டுப் படிப்புக்கு வருபவர்கள் ஐ.எச்.எஸ். என்ற மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டிவிட்டு, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையை இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ விசா எடுப்பவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, எனவே அந்த உரிமையும் இல்லை. குடும்ப மருத்துவரான ஜி.பி.யைப் பார்ப்பதும், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டுவதும் இலவசம். ஆனால் படுக்கையில் சேர்த்துவிட்டால், என்.எச்.எஸ். கட்டண அளவில் 150 சதவீதம் உங்களிடம் வசூலிப்பார்கள். குடல்வால் அறுவைச் சிகிச்சை ஒன்று போதும், குடும்பத்தின் சேமிப்பு கரைந்துவிடும். பயணக் காப்பீட்டை மட்டும் மலிவு பார்த்து எடுக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா, சர்க்கரை போன்றவற்றை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும்போது உதவாது.

முதல் வாரமே ஜி.பி.யிடம் பதிவு செய்யுங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111, உயிர்காக்கும் அவசரத்துக்கு 999. ஆன்டிபயாடிக்கை நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் போலக் கேட்டு வாங்க முடியாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், வடக்கே இன்னும் சீக்கிரம். கருத்த தோல் உள்ளவர்கள் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது என்.எச்.எஸ். பரிந்துரை. சோர்வும் தூக்கமும் கூடினால் குளிரை மட்டும் குறை சொல்லாமல் இதையும் கவனியுங்கள்.

பெட்டியும் சமையலறையும்

நெய், பால்கோவா, பன்னீர், நெய்யில் செய்த மைசூர்பாகு ஆகியவற்றை வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. கருவாடு இறைச்சியில் சேராது; ஆனாலும் ஒப்பந்தத் தாள்கள் இருக்கும் பெட்டியில் அதை வைக்க வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், எனவே அதுவும் கூடாது. நிழலில் உலர்த்திப் பொடித்த கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, பெருங்காயம் போதும். அரிசியும் பருப்பும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. துவரம்பருப்பும் உளுந்தும் பெரிய டெஸ்கோ, ஆஸ்டா கடைகளில் கிடைக்கும். லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹாரோ பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் பொன்னி அரிசி, முருங்கைக்காய், நல்லெண்ணெய் வரை எல்லாம் உண்டு.

விடுதி அடுப்பு இண்டக்ஷனா, வெறும் கண்ணாடித் தட்டு அடுப்பா என்று முன்பே கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் அலுமினிய குக்கர் சூடே ஆகாது; அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர், மூன்று லிட்டர் போதும். மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்தான். பிளக் மட்டும் தட்டையான மூன்று முள். நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். ஃபியூஸ் உள்ளதை அங்கேயே வாங்குங்கள், விடுதிச் சோதனையில் அதுதான் தேறும்.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடுதிச் சமையலறையில் பெரும்பாலும் வெப்பத்தை உணரும் கருவி இருக்கும். வெளியே நடைவழியிலும் அறைகளிலும் புகையை உணரும் கருவி. அதனால் சமையலறைக்குள் புகை வந்தாலும் உடனே மணி அடிக்காது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வரமிளகாயைக் கருக விட்டால்தான் புகை நடைவழிக்குப் போய்க் கட்டடம் முழுக்க அலறும். ராத்திரி பதினொரு மணிக்கு அத்தனை பேரும் குளிரில் வெளியே நிற்க வேண்டும், தீயணைப்பு வண்டியும் வரலாம். கதவைச் சாத்துங்கள், மேலே உள்ள புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், எண்ணெய் புகையும் முன்பே கடுகைப் போட்டு மூடி வையுங்கள், மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே இறக்குங்கள். ஊதுவத்தியும் சாம்பிராணியும் அறையில் கூடவே கூடாது. கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடினால் அபராதம் உறுதி.

குளிர்காலத்தில் இட்லி மாவு வெளியே வைத்தால் இரண்டு நாளானாலும் அப்படியே இருக்கும். ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவைப் பாதிப் பாத்திரம் மட்டும் நிரப்பி வைத்தால் பொங்கிவிடும். பொதுச் சமையலறை என்பதால் ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது பீட்சாவுக்கு 200 டிகிரி போட்டுவிடுவார்கள்.

இடம், பணம், போக்குவரத்து

விடுதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 40 வாரத்துக்கு மேல் ஓடும். ஒரு செமஸ்டருக்கான ஒப்பந்தம் உண்டா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். 40 வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது வேறு ஆளைப் பிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். தனியார் வீடென்றால், அறையைப் பிடித்துவைக்க ஒரு வார வாடகைக்கு மேலும், டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேலும் பொதுவாக வாங்கக் கூடாது என்பது 2019 சட்டம். நேரிலோ நம்பகமான ஆள் மூலமோ பார்க்காத அறைக்கு ஊரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள். வீட்டுக்கு உள்ளாட்சி விதிக்கும் கவுன்சில் வரியில் முழுநேர மாணவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த வரையறை குறைந்தது ஓராண்டுப் படிப்பை வைத்துத்தான். ஒரு செமஸ்டர் மாணவர் அதில் வராமல் போகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பல்கலைக்கழக விடுதி நல்லது.

ஆறு மாத விசாவில் வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரக்ஸ் கார்டு ஒன்றும், வேறு வங்கியின் சர்வதேச டெபிட் கார்டு ஒன்றும் தனித்தனி இடத்தில் வைத்திருங்கள். இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வையுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். லண்டன் பேருந்தில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டைத் தட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான பேருந்துகளில் ஒருவழிப் பயணத்துக்கு 2025 ஜனவரி முதல் 3 பவுண்டு உச்சவரம்பு.

ரயிலுக்கு 16-25 ரெயில்கார்டு, 35 பவுண்டு. மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, எனவே மொத்தம் 105 பவுண்டுக்குப் பயணம் செய்தாலே போட்ட காசு திரும்பிவிடும். வார நாட்களில் காலை 4.30 முதல் 10 வரை 12 பவுண்டு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் இல்லை. அட்வான்ஸ் சீட்டு மலிவு, ஆனால் அந்த ஒரே ரயிலுக்கு மட்டும். அடுத்த ரயிலில் ஏறினால் செல்லாது.

வகுப்பு

ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். நீங்களும் அப்படியே எழுதலாம். பெரிய வகுப்பில் குறிப்பெடுப்பதைவிட, பதினைந்து இருபது பேர் உட்காரும் செமினாரில் வாய் திறப்பதுதான் கணக்கில் வரும். படிக்கச் சொன்ன கட்டுரையில் உடன்படாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு போனால் பேச விஷயம் கிடைத்துவிடும்.

கட்டுரையில் நம் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது ஆங்கிலத்தால் அல்ல. தலைப்பு 'மதிப்பிடுக' என்று கேட்கும். நாம் 'விவரி' என்று படித்து, வரையறை, வகைகள், நன்மை, தீமை என்று பத்து மதிப்பெண் விடையை நீட்டிவிடுகிறோம். 2,500 சொல் கட்டுரை என்றால் முதல் பத்தியிலேயே உங்கள் நிலைப்பாடு ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு பத்தியும் அதை நிறுவ வேண்டும், அல்லது எதிர்வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். விவரிப்பு 500 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். மாணவர்களைச் சந்திக்கவென்று ஆசிரியர் அறையில் இருக்கும் நேரத்தில் முதல் வரைவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். போகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

பிறர் கருத்தை உங்கள் சொற்களில் எழுதினாலும் மூலம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது திருட்டு, விசாரணை உண்டு, அதன் முடிவு ஊர்க் கல்லூரிக்கும் போகலாம். பிற எழுத்துகளோடு கட்டுரை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிடின் மென்பொருள் காட்டும் சதவீதம் தீர்ப்பல்ல. மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் எண்ணிக்கை ஏற்றும். கடைசி நேரம் நண்பகல் என்றால் பதினோரு மணிக்குள் ஏற்றிவிடுங்கள். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து, பத்து என்று வெட்டும் இடங்கள் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் நாள் கடந்த பிறகு கெஞ்சுவதைவிட, முந்தைய நாளே அவகாசப் படிவம் போடுவது வேலைக்கு ஆகும்.

திரும்பும் முன்

மதிப்பெண் உறுதியாவது தேர்வுக் குழு கூடிய பிறகுதான். இலையுதிர்கால மதிப்பெண்ணுக்குக்கூடச் சில இடங்களில் ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை தற்காலிக மதிப்பெண் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இறுதிச் சான்றை எந்த முகவரிக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் படிவத்தில் நீங்களே நிரப்பிக் கொடுங்கள். மாட்யூல் விவரக் கையேடு, திருத்திய கட்டுரைகள், ஆசிரியர் கருத்துரை எல்லாவற்றையும் தரவிறக்கி வையுங்கள். படிப்பு முடிந்த சில காலத்தில் பல்கலைக்கழக மின்னஞ்சலும் இணையக் கணக்கும் மூடப்படும். ஈடு பற்றிய கேள்வியைத் தேர்வுப் பிரிவு எழுப்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.